மட்டக்களப்புக் கடைத்தெருவில் மரமும் பூந்தோட்டமும்: அளவெடுப்பு முதல் மூன்றாம் ஆண்டு வரை

கடைத்தெருவில் மரம் வளர்க்க முனைபவர்கள் பெரும்பாலும் நர்சரியில்தான் தொடங்குகிறார்கள். கன்று வாங்கி, திகதி குறித்து, பனர் கட்டி, குழி தோண்டப் போகும்போதுதான் கீழே குடிநீர்க் குழாய் ஓடுவது தெரியவருகிறது. இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது. முதலில் தண்ணீர், பிறகு நிலத்தடி, பிறகு மண். கன்று கடைசி.

புளியந்தீவு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கரையோர மணல் நிலத்துக் கடைத்தெருக்களை மனதில் வைத்தே அளவுகள் தரப்பட்டுள்ளன. சம்மாந்துறை, அம்பாறை நகரப் பக்கம் உவர்ப் பயம் குறைவு. அங்கே மாரியில் நீர் தேங்குவதுதான் பெரிய பிரச்சினை. அப்படிப்பட்ட இடத்துக்கு 4ஆம் பகுதியைக் கவனமாகப் பாருங்கள்.

1. முதலில் நாட்காட்டி

எங்கள் மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை வறட்சி. அதற்குள் தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று வேறு வந்து இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஆகவே நடுகைக்குரிய காலம் ஒக்டோபர் நடுப்பகுதி. மழை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை நனைத்த பிறகு நட்டால், கன்றுக்கு மூன்று மாதம் வேர் ஓட நேரம் கிடைக்கும். ஜூன் 5, உலக சுற்றாடல் தினத்தில் நடுவது கொழும்புக்குப் பொருந்தலாம், அங்கே அப்போது தென்மேற்கு மழை. இங்கே அது கச்சானின் வாயில் கன்றைக் கொடுப்பது. விழா கட்டாயம் வேண்டுமென்றால் அன்றைக்கு இடத்தைக் குறித்துக் கல் வையுங்கள், கன்றை வைக்க வேண்டாம்.

ஒரு முழு வேலைக்குப் பதின்மூன்று மாதம் வேண்டும். செப்டெம்பரில் தண்ணீர்ச் சோதனையும் சோதனைக் குழியும், டிசம்பரில் நிலத்தடி நீர்மட்டம் பார்த்தல், பெப்ரவரி முதல் மே வரை அளவையும் அனுமதியும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தோண்டலும் மேசன் வேலையும், செப்டெம்பரில் மண் நிரப்பல், ஒக்டோபரில் நடுகை. தோண்டும் வேலையைக் காய்ந்த மாதங்களில் வைப்பதற்குக் காரணம் உண்டு: மாரியில் மூன்றடிக் குழி தோண்டினால் பாதியில் ஊற்று வந்து பக்கச்சுவர் சரியும்.

2. அனுமதியும் ஆட்களும்

வீதி யாருடையது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைத்தெருக்களின் நடுவே போவது ஏ4 பாதை. மட்டக்களப்பின் திருகோணமலை வீதி ஏ15. இவற்றின் ஓரத்தில் கை வைக்க வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். உள் வீதிகளுக்கு மாநகர சபை அல்லது அந்தந்த உள்ளூராட்சி சபை.

அத்தோடு மின்சார சபை, நீர் வழங்கல் சபை, தொலைபேசி நிறுவனம் மூன்றுக்கும் கடிதம் கொடுத்து, அவர்களுடைய தொழில்நுட்ப உத்தியோகத்தரை இடத்துக்கே அழையுங்கள். அலுவலக வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். வீதி அகலமாக்கியபோது இடம் மாறிய குழாய் வரைபடத்தில் பழைய இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது கடைக்காரர்கள். ஒவ்வொரு முதலாளியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: லொறி எங்கே நின்று சாமான் இறக்கும், பெயர்ப்பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, பண்டிகைக் காலத்தில் முன்னால் தற்காலிகக் கடை போடுவீர்களா. இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு நட்ட மரம் ஒரு நாள் காரணமே தெரியாமல் காய்ந்து நிற்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

3. தண்ணீரைச் செப்டெம்பரில் சோதியுங்கள்

மணலுக்குள் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் படலம் தடிக்கும். செப்டெம்பரில் மெலிந்து, மோட்டர் போட்டு இறைக்க இறைக்கக் கீழிருந்து உவர் ஏறும். ஜனவரியில் சோதித்து “நல்ல தண்ணி” என்று முடிவெடுத்தால் ஓகஸ்டில் உப்பைத்தான் ஊற்றுவீர்கள்.

உப்பு கூடக் கூடத் தண்ணீரின் மின்கடத்துதிறனும் கூடும், அதைக் கையடக்க ஈசி மீற்றரால் அளக்கலாம். அரை மணி நேரம் இறைத்த பிறகு வரும் தண்ணீரை எடுங்கள், கிணற்றின் மேல்நீரை அல்ல. சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழ் என்றால் எதையும் வளர்க்கலாம். 700 முதல் 3,000 வரை உவர் தாங்கும் இனங்கள் மட்டும். 3,000 தாண்டினால் அந்தக் கிணற்றை மறந்துவிட்டு பவுசருக்குக் கணக்குப் போடுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு நீர் கடைத்தெருவிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது: வங்கிகளிலும் துணிக்கடைகளிலும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர். அதில் உப்பே இல்லை. குழாய் மாட்டிப் பாத்திக்குள் விட்டால் செடிகளுக்கு நல்லது, நடைபாதையும் வழுக்காது. ஏசி கழுவும் நாளில் மட்டும் குழாயை எடுத்துவிடச் சொல்லுங்கள், மருந்துத் தண்ணீர் வேரைச் சுடும்.

4. சோதனைக் குழி

ஐம்பது யார் நீளத்துக்கு ஒன்றாக இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். கையாலேயே தோண்ட வேண்டும். இயந்திரம் குழாயையும் வயரையும் பார்த்து நிற்காது.

பெரும்பாலான இடங்களில் மேலிருந்து கீழாக இப்படித்தான் இருக்கும்: இன்டர்லொக் கல், மணல், இறுக்கி உருட்டிய கிறவல், பழைய கட்டட இடிபாடு, அதன் கீழ் இயற்கை மணல். வில்லங்கம் அந்தக் கிறவலில். குழிக்குள் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் அந்தக் குழி மாரியில் ஒரு கிண்ணம்தான். வேர் மூச்சு முட்டி அழுகும், ஆனால் மேலே இலை வாடுவதால் தண்ணீர் போதாது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

தீர்வு எளிது: அலவாங்கால் கிறவலை முழுதாக உடைத்துக் கீழுள்ள மணலைத் தொடும் வரை போங்கள். பாதியில் நிறுத்தினால் பிரயோசனமில்லை. சீமெந்துக் கட்டி கிடந்தால் பொறுக்கி வெளியேற்றுங்கள். அது மண்ணைக் காரமாக்கி, இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது மஞ்சளிக்கும்.

டிசம்பரில் அதே குழிகளைத் திரும்பப் பாருங்கள். இரண்டடிக்குள் நீர் நின்றால் அங்கே குழியே வேண்டாம். ஒன்றரை அடி உயரத்தில் மேட்டுப் பாத்தி கட்ட வேண்டிய இடம் அது. வாவிக்கரையை அண்டிய தாழ்ந்த பகுதிகளில் இது வழமை.

5. இடம் குறித்தல்

சோக்குக் கட்டியோடும் நாடாவோடும் நடந்து குறியுங்கள். மரத்தை இரண்டு கடைகளின் பொதுச் சுவர்க் கோட்டுக்கு நேராக வையுங்கள், கதவுக்கு முன்னால் அல்ல. இரு கடைக்கும் வாசல் திறந்திருக்கும், இரண்டு முதலாளிக்கும் நிழல் விழும்.

மரம் போக நடைபாதையில் ஐந்தடி மிஞ்ச வேண்டும், சக்கர நாற்காலிக்கு அது தேவை. மிஞ்சவில்லையா, அங்கே மரம் வேண்டாம். சந்தியிலிருந்து முப்பதடி, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து பதினைந்தடி, குடிநீர்க் குழாயிலிருந்து ஐந்தடி விடுங்கள். மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி.

தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்க்க மறப்பவர்கள் ஆச்சரியமான அளவு அதிகம். கம்பிக்குக் கீழே வெட்டிப் பன்னிரண்டடிக்குள் நிறுத்தக்கூடிய ஈழத்தலரி, பவளமல்லிகை, நந்தியாவட்டை மட்டும். பெரிய மரத்தை நட்டால் மின்சார சபை வந்து நடுவில் கோதி வி வடிவில் விட்டுப் போகும், அது அவர்கள் குற்றமல்ல. ஏசியின் வெளி அலகு சூடு கக்கும் முகத்துக்கு முன்னால் நான்கடிக்குள் எதையும் வைக்க வேண்டாம்.

6. நிலத்தடிப் பெட்டி: பணம் முழுவதும் இங்கே போகட்டும்

கடைத்தெரு மரம் பத்தாம் ஆண்டில் எவ்வளவு பெரிதாக நிற்கும் என்பதை அதன் இனத்தை விட அதற்குக் கிடைத்த மண்ணின் அளவே தீர்மானிக்கும். இரண்டடிக் குழிக்குள் நட்ட வேம்பு குடை அளவிலேயே நின்றுவிடும், அல்லது மண் தேடி இன்டர்லொக் கல்லைக் கிளப்பும்.

தனித்தனிக் குழி வெட்டாமல் மரங்களைத் தொடுக்கும் ஒரே அகழியாக வெட்டுங்கள். ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம், இருபத்தைந்தடிக்கு ஒரு மரம் என்றால் ஒரு மரத்துக்கு 375 கன அடி, அதாவது மூன்றேமுக்கால் கியூப். ஒரு மரத்தின் வேர் மற்றதன் பங்கையும் பகிர்ந்துகொள்ளும் என்பதே அகழியின் நன்மை.

மண்மேல் ஆட்கள் நடந்தால் அது இறுகி வேருக்குக் காற்றுப் போகாது. அதற்கு இரண்டு வழி.

முதலாவது, எங்கள் மேசன்மாருக்குக் கைவந்த கான் மூடி முறை. அகழியின் இரு பக்கமும் புளொக் சுவர் கட்டி, மேலே கம்பி போட்ட கொங்கிறீட் பலகைகளை வைப்பது. கீழே நல்ல மண், மண்ணுக்கும் பலகைக்கும் இடையில் மூன்று அங்குலக் காற்று வெளி. வீதிப் பக்கச் சுவரை முழுதாகக் கட்டுங்கள்; கடைப் பக்கத்தில் அத்திவாரம் நெருங்கினால் அதையும் முழுதாக, இல்லையேல் வேர் வெளியேற இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அடியில் கொங்கிறீட் தளம் போடவே கூடாது. மேசன் பழக்கத்தில் போட்டுவிடுவார், பக்கத்தில் நில்லுங்கள். லொறியோ ஓட்டோவோ ஏறக்கூடிய இடமென்றால் பலகையின் தடிப்பையும் கம்பியையும் பொறியியலாளர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

இரண்டாவது கல்மண் கலவை. ஒன்றரை அங்குலக் கருங்கல் நான்கு தாச்சிக்கு, களி கலந்த மண் ஒரு தாச்சி. கல்லோடு கல் முட்டிப் பாரத்தைத் தாங்கும், இடைவெளி மண்ணுக்குள் வேர் ஓடும். மண் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுவதால் இரண்டு அளவையும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். மூன்றேமுக்கால் கியூப் அகழிக்குக் கல்லே ஏறத்தாழ நான்கு கியூப் போகும். ஆறங்குலப் படையாகக் கொட்டி இறுக்கலாம். ஆனால் உண்மையான மண் ஏறத்தாழக் கால் பங்குதான் என்பதால் மரம் சற்றுச் சிறிதாகவே வளரும். காசு இரண்டுக்கும் போதுமென்றால் முதல் முறையையே தெரிவு செய்யுங்கள்.

திறந்த பாத்திக்கும் பலகையின் கீழுக்கும் மண் கலவை: மணல் இரண்டு பங்கு, வயல் மண் அல்லது குளத்து வண்டல் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. வண்டல் சேர்க்காவிட்டால் ஊற்றிய தண்ணீர் மணலுக்குள்ளால் வழிந்து போய்விடும். எருவை இதைவிடக் கூட்ட வேண்டாம். மக்கி வற்றும்போது மண்மட்டம் இறங்கி மரமும் சேர்ந்து இறங்கும். பச்சைச் சாணி சூடேறி வேரைக் கருக்கும், கறையானையும் அழைக்கும். மண்ணை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள், வழியில் லொறி மறிபட்டால் வேலை ஒரு மாதம் நிற்கும்.

தும்புத்தூள் சேர்ப்பவர்கள் கவனிக்க: பொச்சு உவர்நீரில் ஊறியதாக இருந்தால் தூளிலும் உப்பு இருக்கும். மூன்று தண்ணீரில் கழுவி, கடைசித் தண்ணீரை மீற்றரில் பார்த்த பிறகே கலவுங்கள்.

ஒன்பது அங்குலமாகக் கொட்டி, காலால் மெதுவாக மிதித்து, தண்ணீர் விட்டுப் படியவிடுங்கள். இடிகட்டை வேண்டாம்.

7. எந்த மரம்

மகிழமரம்தான் எங்கள் கடைத்தெருவுக்கு முதல் தெரிவு. மெதுவாக வளரும், ஆனால் ஆண்டு முழுவதும் அடர்ந்த நிழல், காற்றில் இலகுவில் முறியாது. அவசரக்காரருக்குப் புங்கை, உவரையும் சற்று நீர் தேங்கலையும் தாங்கும், இலை முழுவதையும் ஒரு குறுகிய காலத்துக்குள் கொட்டும், கூட்டும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேம்பு வறட்சிக்கு மன்னன், நீர் தேங்கினால் செத்துவிடும். வாவிக்கரை வெளிகளுக்கு மருது, கடற்காற்று அடிக்கும் இடத்துக்குப் புன்னை. அதன் உருண்டைக் காய் நடைபாதையில் காலை வழுக்கும் என்பதால் ஓரமாக வையுங்கள்.

கொன்றையை அழகுக்காக எல்லோரும் கேட்பார்கள். நிழல் மிகவும் தேவைப்படும் வெயில் காலத்தில் அது இலை உதிர்த்து நிற்கும். பூங்காவில் வையுங்கள். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவிலுள்ள பேரீச்சைகள் ஒடுங்கிய இடத்துக்குப் பொருத்தமானவை, வேர் தளத்தைக் கிளப்பாது, உவருக்கும் அஞ்சாது. நிழலை மட்டும் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

நடைபாதையில் தவிர்க்க வேண்டியவை: ஆல், அரசு, பூவரசு (கானுக்குள் வேர் விடும்), நாவல் (கறை), தென்னை (வாகனத் தரிப்பிடத்தில் தேங்காய் விழுந்தால் யார் கட்டுவது?), பெருங்குடையாக விரியும் வாகை. 1978 நவம்பர் சூறாவளியை மறக்காத ஊர் இது. வேகமாக வளர்ந்து மென்மரமாக நிற்பதைக் கூட்டம் கூடும் இடத்தில் நடாதீர்கள். ஒரே இனம் மொத்தத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டவும் விடாதீர்கள், ஒரு பூச்சி வந்தால் தெருவே மொட்டையாகும்.

8. கன்றும் நடுகையும்

ஒரு அடிக் கன்று தெருவில் பிழைக்காது. ஐந்து, ஆறடி உயரம், அடியில் பெருவிரல் தடிப்பு, ஒரே நேர்த்தண்டு உள்ளதாகப் பாருங்கள். நர்சரி நிழலில் நின்றதை ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பழக்கிய பிறகே நடவேண்டும்.

பையை முழுதாகக் கிழித்து எடுங்கள். சொல்ல வேண்டிய விடயமா என்று தோன்றும், ஆனால் செத்த கன்றைப் பிடுங்கினால் பொலித்தீனோடு வருவது சாதாரணம். வேர் பையின் உருவத்தில் சுற்றிச் சுருண்டிருந்தால் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் அந்தச் சுருள் ஆண்டுகள் கழித்துத் தண்டையே நெரித்து, ஒரு காற்றில் மரம் வேரோடு சாயும்.

தண்டு விரிந்து வேராகும் இடம் தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும், மண் படிந்ததும் சரியாகிவிடும். ஆழமாக நட்டால் பட்டை அழுகும்.

வேர்க்கட்டிக்கு வெளியே இரண்டு தடி ஊன்றி, தண்டின் கீழ் மூன்றிலொரு உயரத்தில் பழைய சைக்கிள் டியூப்பால் எட்டுப் போலக் கட்டுங்கள். கட்டுக்கம்பியும் நைலோன் கயிறும் பட்டையை அறுக்கும். இறுக்கியும் கட்ட வேண்டாம், கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

பக்கத்தில் நான்கு அங்குல பிவிசி குழாய் இரண்டரை அடி, துளையிட்டு, கல் நிரப்பி நிறுத்துங்கள். தண்ணீர் ஆழத்துக்குப் போனால் வேரும் ஆழத்துக்குப் போகும். வாய்க்குத் துளையுள்ள மூடி போட மறக்கக் கூடாது. நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கு எழுதுவார், நியாயமாகவே.

9. கட்டாக்காலி மாட்டுக்குக் கூடு

இரவில் கடைத்தெரு மாடுகளுடையது. கூடு ஆறடி உயரம், இரண்டடி அகலம், இரும்புச் சட்டத்தில் வலை. நான்கடிக் கூடென்றால் மாடு மேலால் கழுத்தை நீட்டிக் குருத்தைக் கடித்துவிடும். கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் கொங்கிறீட்டில் புதையுங்கள். மாடு கடிப்பதோடு உரசவும் செய்யும்.

தார் பீப்பாயை வெட்டிக் கூடாக வைப்பது மலிவு. நடுப்பகலில் அந்தத் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. உள்ளே கன்றின் பட்டை வெந்துகொண்டிருக்கும்.

10. பாத்திச் செடிகள்

மரம் நட்டு ஒரு மாதம் கழித்து இவற்றை வையுங்கள், இல்லையேல் நடுகை வேலையில் மிதிபடும். வெயில் பாத்திக்கு வெட்சி, பட்டிப்பூ, நந்தியாவட்டை. பட்டிப்பூவையும் நந்தியாவட்டையையும் மாடு பெரும்பாலும் தொடாது. கடதாசிப்பூ வறட்சியில்தான் அள்ளிப் பூக்கும், முள் இருப்பதால் நடைபாதை ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே. செவ்வரத்தையில் மாப்பூச்சி பற்றும், நுனி சுருண்டதும் வெட்டி எரியுங்கள். அலரி நஞ்சு, பிள்ளைகள் நிற்கும் இடத்தில் வேண்டாம். கடலோர மணல் மேட்டுக்கு அடம்பன் கொடியை மிஞ்ச ஒன்றுமில்லை.

புல்தரை கேட்பார்கள். கச்சானில் அதற்கு ஊற்றும் தண்ணீர் எல்லா மரத்துக்கும் ஊற்றுவதை விடக் கூட. கட்டாயமென்றால் அறுகு.

11. முதல் கச்சான்

நட்ட மரம் சாவது பெரும்பாலும் மாரியில் அல்ல, அடுத்த ஜூலையில். பெப்ரவரியிலேயே மூன்று அங்குலத்துக்குப் பொச்சைக் குழிந்த பக்கம் கீழாகப் பரப்புங்கள், தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி.

மார்ச் முதல் செப்டெம்பர் வரை மரத்துக்கு வாரம் இரு முறை 40 லீற்றர், பாதி குழாய்க்குள், பாதி பாத்தியில். தினமும் ஒரு போத்தல் தெளிப்பதால் வேர் மேலேயே நிற்கும். 60 மரத்துக்கு ஒரு சுற்று 2,400 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஒன்று பாத்திகளுக்கும் சேர்த்துப் போதும். இரண்டாம் ஆண்டு வாரம் ஒரு முறை, மூன்றாம் ஆண்டு வாடல் கண்டால் மட்டும்.

தேநீர்க் கடையின் சுடுதண்ணீரும் சாப்பாட்டுக் கடையின் எண்ணெய்க் கழுவல் நீரும் மரத்தடியில் கொட்டப்படும். எச்சரிக்கைப் பலகை பயன்தராது. பக்கத்துக் கானுக்கு ஒரு வாய் வெட்டிக் கொடுங்கள்.

12. இரண்டாம், மூன்றாம் ஆண்டு

பன்னிரண்டு மாதத்தில் ஊன்றுதடிகளை எடுங்கள். கீழ்க் கிளைகளை ஆண்டுக்குக் கொஞ்சமாக, மொத்த இலையில் கால்வாசிக்கு மேல் போகாமல், காய்ந்த மாதத்தில் வெட்டுங்கள். இறுதியில் நடைபாதைக்கு மேல் எட்டடியும் வீதிக்கு மேல் பதினைந்தடியும் வெளி கிடைக்க வேண்டும். பெயர்ப்பலகை தெரிந்தால் முதலாளியும் மரத்தின் பக்கம் நிற்பார். கிளையை அதன் அடி வீக்கத்தோடு ஒட்டி வெட்டாமல் சற்று வெளியே வெட்டுங்கள், சீமெந்தோ தாரோ பூச வேண்டியதில்லை.

செப்டெம்பர் முடிவில் ஒவ்வொரு ஆண்டும் காய்ந்த கிளை, சாய்ந்த மரம், அடைபட்ட கான் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தண்டு நான்கு அங்குலம் தடித்ததும் கூட்டை அறுத்து அடுத்த கன்றுக்கு எடுங்கள். விட்டு வைத்தால் பட்டை கம்பியை விழுங்கிவிடும். தண்டைச் சுற்றியுள்ள கொங்கிறீட் பலகையின் வாயையும் அப்போதே ஆறங்குலம் அகலப்படுத்துங்கள்.